பேரைக் கொன்றவனா, வேரைக் கொண்டவனா?

தமிழ்ப் பழமொழிகளைத் திருத்தும் பணி சில காலமாக நம்மிடையே மும்முரமாக நடந்துவருகிறது. பட்டிமன்ற மேடையிலும், பள்ளி இலக்கிய மன்ற விழாவிலும், நாட்காட்டித் தாளின் அடிப்பகுதியிலும், விடிகாலையில் கைப்பேசிக்கு வந்துசேரும் செய்திகளிலும் இத்திருத்தங்கள் தட்டுப்படுகின்றன. சொல்லும் முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான். இத்தனை காலமும் நாம் தவறாகச் சொல்லிவந்தோம். முன்னோர் சொன்னது வேறு. பேச்சுவழக்கில் எழுத்து மருவியதால் பொருள் கெட்டுவிட்டது. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமா என்று முன்னோர் கேட்கவில்லையாம். ‘கழு’ என்னும் கோரைப்புல்லைப் பாயாகத் தைத்தால் கற்பூர வாசனை தெரியும் என்றார்களாம். ஆற்றில் இறங்க நம்பக்கூடாதது மண்குதிரை இல்லையாம். ‘மண்குதிர்’ என்னும் மணல்மேடாம். ஆடிக்காற்றில் பறப்பது அம்மி இல்லை, அம்மை நோயாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது சமையலறைச் செய்தி இல்லையாம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகத்திலுள்ள பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்பதாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் ஆவானா? ஆயிரம் வேரைக் கொண்டவனே அரை வைத்தியன் என்பதுதான் சரியாம்.

கேட்ட மாத்திரத்தில் இவை மகிழ்ச்சி தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. பூட்டியிருந்த பெட்டி ஒன்று திறந்துகொண்டாற்போல் இருக்கிறது. அவையில் கைதட்டல் எழுகிறது. ஆயினும் பெட்டிக்குள் இருந்தது பழைய பொருளா, திறந்தவரே வைத்த பொருளா என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. சொல்லின் பிறப்பைப் பற்றிய கேள்வி வெறும் எழுத்துக் கணக்காக முடிந்துவிடுவதில்லை. ஒரு பழமொழியைச் சொல்லிவந்தவர்கள் அதனால் யாரை நகைத்தார்கள், யார்மேல் கோபம் கொண்டார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. எழுத்து மாறினால் அந்தக் கோபமும் மாறிப்போகிறது. ஆகவே இத்திருத்தங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பேச்சில் சொற்கள் உருமாறுவது உண்மை. பழகாத சொல் ஒன்றைப் பழகிய சொல்லாக மாற்றிக்கொள்வது மனித நாவின் இயல்பு. எங்கள் ஊராகிய கெங்குவார்பட்டியிலேயே இதற்குச் சான்று உண்டு. பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், தேனி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது எங்கள் பேரூர். அருகில் கொடைக்கானல் மலைச்சாலை பிரியும் இடத்துக்குக் காட்ரோடு என்று பெயர். வடபுல மொழிகளில் மலையிறக்கத்தையும் கணவாயையும் குறிக்கும் ‘காட்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு மலைச்சாலைக்குக் ‘காட் ரோடு’ என்று பெயரிட்டனர். அந்தச் சொல்லை அறியாத எங்கள் காதுக்கு அதில் காடு கேட்டது. சாலையில் நின்று மலையைப் பார்த்தால் காடுதான் தெரிகிறது. ஆகவே அது காட்டு ரோடு. இந்த விளக்கத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

ஆங்கிலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. முகத்துதி செய்து ஒருவரின் தயவைப் பெறுவதை ஆங்கிலேயர் ‘கறி ஃபேவர்’ என்பர். தமிழ் மாணவர் ஒருவர் இதை முதன்முறை படிக்கும்போது, விருந்து வைத்துக் காரியம் சாதிப்பது போலும் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கறி போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதும், 1598-இலேயே அங்கு அச்சேறியதும் உண்மைதான். ஆனால் இந்தத் தொடரில் இருக்கும் ‘கறி’ நம்முடையது இல்லை. குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சீராக்குவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. ஃபேவரும் முதலில் ஃபேவர் இல்லை. 1310-க்கும் 1314-க்கும் இடையில் பிரான்சில் எழுதப்பட்ட அங்கதக் காவியம் ஒன்றில் ‘ஃபொவெல்’ என்னும் குதிரை அரண்மனையில் அமர்கிறது. அரசரும் குருமாரும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுகின்றனர். அந்தக் குதிரையைத் தேய்ப்பது என்பதே ஆங்கிலத் தொடரின் முதல் வடிவம். கதையை மக்கள் மறந்தபின், 16-ஆம் நூற்றாண்டில், பொருள் தெரியாத குதிரைப் பெயரின் இடத்தில் பொருள் தெரிந்த ‘ஃபேவர்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மொழியின் மரபுத்தொடரிலிருந்து குதிரை ஒன்று காணாமற்போன கதை இது.

அப்படியானால் நம் மண்குதிரை மட்டும் ஏன் வேறு ஒன்றிலிருந்து வந்திருக்கக்கூடாது என்று திருத்துவோர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் ஆங்கிலக் குதிரையின் கதையை அறிஞர்கள் ஊகித்துச் சொல்லவில்லை. ஃபொவெல் என்று எழுதிய பழைய ஏடுகள் இருக்கின்றன. ஃபேவர் என்று எழுதிய பிந்தைய ஏடுகளும் இருக்கின்றன. எது முன், எது பின் என்பதை ஆண்டு வைத்துச் சொல்ல முடிகிறது. காட்ரோட்டுக்கும் அப்படியே: மலைச்சாலை போட்டவர்களின் ஆவணங்களிலும் வரைபடங்களிலும் ‘காட்’ இருக்கிறது. பழமொழித் திருத்தத்துக்கும் அதே சான்றைத்தான் நாம் கேட்கிறோம். ‘வேரை’ என்றோ ‘குதிர்’ என்றோ எழுதிய பழைய ஏடு ஒன்றைக் காட்டுங்கள் என்கிறோம்.

பழைய எழுத்துச் சான்றுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தொல்காப்பியம் பழமொழியை முதுமொழி என்று பெயரிட்டு, நுட்பமும் சுருக்கமும் தெளிவும் உடையதாய், கருதிய பொருளை நிலைநாட்ட வருவது என்று வரையறுக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த பழமொழி நானூறு, பாட்டுக்கு ஒரு பழமொழியாக நானூறு வெண்பாக்களைக் கொண்டது. அதை இயற்றியவர் முன்றுறையரையனார். ஆனால் இன்று நாம் வாயில் வைத்திருக்கும் பழமொழிகளுக்குக் கைகொடுப்பவை 19-ஆம் நூற்றாண்டின் தொகுப்புகள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவரும், ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவருமான பீட்டர் பெர்சிவல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874-இல் வெளியிட்டார். 1894-இல் ஜான் லாசரஸ் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அகராதியாக்கினார். 1897-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் யென்சன் 3,600-க்கும் மேற்பட்டவற்றைப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். இவர்கள் சமயப் பணிக்காகத் திரட்டியவர்கள். மக்கள் பேச்சை உள்ளபடி அறிவதே அவர்களுக்குத் தேவையாக இருந்தது. பெர்சிவலின் நூலில் கற்பூர வாசனை அறியாத கழுதை இருக்கிறது. ஆற்றில் இறங்க உதவாத மண்குதிரை இருக்கிறது. ஆயிரம் பேரைக் கொன்ற அரை வைத்தியனும் இருக்கிறான். பழமொழியின் பிறப்பை 1874 காட்டிவிடாது. ஆயினும் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக, ஆறேழு தலைமுறைகளாக, மக்கள் சொல்லிவருவது எது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

எழுத்துச் சான்றுக்கு அப்பால் அண்டை மொழிகளும் சாட்சி சொல்லும். கழுதையை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில், கத்தைக்கு, அதாவது கழுதைக்கு, கஸ்தூரியின் மணம் என்ன தெரியும் என்பர். தெலுங்கில், காடிதைக்குச் சந்தனத்தின் வாசனை என்ன தெரியும் என்பர். இந்தியில் விலங்கும் பொருளும் மாறுகின்றன: குரங்குக்கு இஞ்சியின் ருசி என்ன தெரியும் என்பது அங்குள்ள வழக்கு. தேனி மாவட்டத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஒரே தெருவில் இந்த மூன்று கழுதைகளையும் கேட்கலாம். தமிழ்க் கழுதையைக் ‘கழு’ என்றும் ‘தைக்க’ என்றும் பிரித்துவிடலாம். கன்னடக் கழுதையை எப்படிப் பிரிப்பது? மூன்று மொழிக்காரர்களும் ஒரே கேலியைச் சொல்லும்போது, தமிழர் மட்டும் பாய் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பொருந்தவில்லை.

சட்டியும் அகப்பையும் இதைவிடத் தொலைவு போகின்றன. ஈராக்கிலும் வளைகுடா நாடுகளிலும் வழங்கும் அரபுப் பழமொழி ஒன்று, பானையில் உள்ளதையே அகப்பை வெளியே கொண்டுவரும் என்கிறது. சட்டியும் கரண்டியும் உள்ள எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பிறக்கக்கூடிய சிந்தனை அது. ‘சஷ்டி’ தமிழில் ‘சட்டி’ ஆகும் என்பது சரிதான். கந்த சட்டி என்று எழுதுகிறோமே. அகப்பையை அகம், பை என்று பிரிப்பதும் இலக்கணப்படி குற்றமில்லை. விரதம் இருப்போரின் நம்பிக்கையைக் குறை சொல்வதும் நம் நோக்கமில்லை. இந்த விளக்கத்துக்குத் தமிழில் முறையான பெயர் ஒன்று ஏற்கெனவே உண்டு என்பதையே சொல்ல வருகிறோம். அதன் பெயர் சிலேடை. காளமேகப் புலவர் ஒரே பாட்டில் இரு வேறு பொருள்களைப் பாடிப் புகழ்பெற்றார். அவற்றை நாம் சுவைக்கிறோம். அவற்றிலிருந்து சொற்பிறப்பியல் கற்பதில்லை. சஷ்டி விளக்கத்தையும் சிலேடையாகச் சொன்னால் எழுந்து நின்று கைதட்டலாம். ‘இதுவே உண்மையான பொருள், நீங்கள் சொல்லிவந்தது பிழை’ என்னும்போதுதான் சிக்கல் வருகிறது.

மண்குதிரை விளக்கம் மற்றவற்றைவிட வலுவானது. ‘குதிர்’ என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘குதிரை’ ஆகும். ஆகவே ‘மண்குதிரை நம்பி’ என்பது ‘மண்குதிர் ஒன்றை நம்பி’ என்றும் பொருள்படும். இதில் ஓர் அழகு இருக்கிறது. ஆயினும் மக்கள் வாயில் வழங்குவதும் பெர்சிவலின் நூலில் அச்சாகியிருப்பதும் ‘குதிரையை நம்பி’ என்பதே; அங்கு குதிருக்கு இடமில்லை. மேலும் குதிர் என்பது நம் மக்களுக்குத் தெரியாத சொல்லும் இல்லை. தானியம் கொட்டி வைக்கும் மண்கூட்டுக்கு எங்கள் பக்கத்தில் குதிர் என்றே பெயர். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் பழமொழியில் தமிழ்நாடு முழுவதும் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. பழகாத சொல்லைத்தான் நாக்கு மாற்றும் என்றோம். ஒரு பழமொழியில் குதிரைப் பத்திரமாக வைத்திருந்த அதே நாக்கு, மற்றொன்றில் அதைக் குதிரையாக்கிவிட்டது என்பதை எளிதில் ஏற்க முடியவில்லை. ஆற்று நடுவே உள்ள மணல்மேட்டை எங்கள் ஊரார் திட்டு என்பார்களே அன்றிக் குதிர் என்று சொல்லிக் கேட்டதில்லை. மண்குதிரை என்றால் என்னவென்று மதுரைச் சீமையில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையுமில்லை. அய்யனார் கோயில் வாசலில் வரிசையாக நிற்கின்றனவே! புரவியெடுப்பின்போது வேளார் செய்து தந்த குதிரையை ஊரே சுமந்துகொண்டு போகிறது. கோயிலில் அது தெய்வத்தின் வாகனம். ஆற்றில் இறங்கினால் களிமண். இந்த வேறுபாட்டை அறிந்த ஒரு குடியானவனால்தான் அப்படி ஒரு பழமொழியைச் சொல்லியிருக்க முடியும்.

அம்மிக்கு வருவோம். ஆடிக்காற்றைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலையின் இடைவெளிகள் வழியே தமிழ்நாட்டுக்குள் புகுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பமும் அந்த வாயில்களில் ஒன்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுவே. ஆனி, ஆடியில் ஓட்டுக்கூரையின் ஓடு பறக்கும். கொடியில் உலர்த்திய வேட்டி அடுத்த தெருவில் கிடைக்கும். வீட்டிலேயே மிகக் கனமான பொருள் அம்மி. அதுவும் பறக்கும் என்று சொல்வது சிரித்துக்கொண்டே சொல்லும் மிகை. அந்த மிகைக்கு இலக்கணச் சான்றும் பழமொழியிலேயே இருக்கிறது. ‘அம்மியும்’ என்பதிலுள்ள உம்மை உயர்வு சிறப்பும்மை. இவ்வளவு கனமானதும்கூடப் பறக்கும் என்றால் வேறெதுதான் பறக்காது என்பது அதன் பொருள். ‘அம்மையும் பறக்கும்’ என்று வைத்தால், வேறு எந்த நோய்களோடு சேர்ந்து அம்மையும் பறக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். பெரியம்மையைப் பறக்கவிட்டது ஆடிக்காற்றும் இல்லை; வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி குத்தியவர்கள். இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தொற்றியது 1975-இல். உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980-இல்.

இன்னொரு பழமொழி, காலத்தைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. ‘வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை’ என்பது அது. வாக்குக் கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்குக் கற்றவனுக்குப் போலீஸ் வேலை என்பதே மூல வடிவம் என்று திருத்துகிறார்கள். ‘போலீஸ்’ என்ற சொல் நம் ஊர்ப்புறங்களுக்கு வந்ததே, சென்னை மாகாணத்துக்கான 1859-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின்படி ஊருக்கு ஊர் காவல் நிலையங்கள் ஏற்பட்ட பிறகுதான். ஆகவே மறந்துபோன பழங்கால மூலம் என்று ஒன்றை இதற்குத் தேடுவது வீண். ஒலி மாற்றத்தையும் பார்ப்போம். ‘அற்றவன்’ பேச்சில் ‘அத்தவன்’ ஆகும். ‘கற்றவன்’ ‘கத்தவன்’ ஆகும். இது தமிழ் முழுவதும் காணும் ஒழுங்கு. ஆனால் ‘வாக்கு’ என்பதன் நெடில் குறுகி ‘வக்கு’ ஆவதற்கு எந்த ஒழுங்கும் இடம் தரவில்லை. மாறாக, ‘வக்கத்த பயல்’, ‘போக்கத்த நாய்’ என்னும் வசவுகள் இந்தப் பழமொழிக்கு வெளியே தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன. வக்கு அற்றவன், போக்கு அற்றவன் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை.

இந்தக் கேலி நியாயமானதா என்பது வேறு கேள்வி. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் நெல்லும் காய்கறியும் கூலியாகப் பெற்றுப் பிழைத்த காலத்தில், நிலமில்லாதவன் வாத்தியாராகிறான் என்பது ஊரார் கண்ட காட்சி. அந்தக் காட்சியில் ஏளனம் இருக்கிறது; வறுமையும் இருக்கிறது. இரண்டையும் அழித்துவிட்டு, எங்கள் முன்னோர் ஆசிரியரைப் போற்றினார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டால், போற்றப்படாமல் பசித்திருந்த அந்த வாத்தியாருக்கு நாம் செய்யும் மரியாதை அதில் என்ன இருக்கிறது?

எல்லாத் திருத்தங்களும் இப்படிக் கீழே விழுந்துவிடுவதில்லை. ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்பதற்குச் ‘சும்மாடு ஆகுமா’ என்று ஒரு பாடம் சொல்கிறார்கள். முன்குடுமி வைத்திருப்பவர் தலையாட்டினால் ஏதோ காரியம் இருக்கிறது என்பது முதற்பொருள். எவ்வளவு பெரிய குடுமியானாலும் சுமை தாங்கும் சும்மாட்டுக்கு ஈடாகாது என்பது இரண்டாவது. இரண்டிலும் நாட்டுப்புறத்து நகைப்பு இருக்கிறது. இரண்டும் கண்ணால் கண்ட பொருள்களைக் கொண்டு பேசுகின்றன. ஓரிரு எழுத்துகள்தான் வேறுபாடு. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவதே நேர்மை. மூலம் தெரியாமல் இருப்பது பழமொழிக்கு இழுக்காகிவிடாது.

கடைசியாக அரை வைத்தியன். இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. திருத்தப்பட்ட வடிவத்தில் முதலில் ஒரு மொழிச்சிக்கல் இருக்கிறது. ‘வேரைக் கொன்றவன்’ என்று தமிழில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே ‘பேரை’ என்பதை ‘வேரை’ ஆக்கியதோடு நில்லாமல் ‘கொன்றவன்’ என்பதையும் ‘கொண்டவன்’ ஆக்க வேண்டியிருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள் தனித்தனியே மருவி, இரண்டும் சேர்ந்து பொருத்தமான புதுப்பொருள் ஒன்றைத் தந்தன என்று நம்ப வேண்டும். வைத்தியரைக் கேலி செய்வது நம் முன்னோருக்கு அடுக்காது என்பதும் ஆதாரமற்ற எண்ணம். வைத்தியர்கள் நம் உயிரைப் பணயம் வைத்துத்தான் தொழில் பழகுகிறார்கள் என்ற குறையை உரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். உருதுவில் ‘நீம் ஹக்கீம் கத்ரா ஏ ஜான்’ என்பர். அரை வைத்தியனால் உயிருக்கு ஆபத்து என்பது பொருள். அங்கும் அதே ‘அரை’ இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பழமொழியை அடிக்கடி சொன்னவர் எங்கள் அப்பத்தா. எங்கள் அப்பாவுக்கு மூத்தவராக ஒரு பிள்ளை இருந்து, நான்கு வயதில் காய்ச்சலில் இறந்துபோனது. மலேரியாவோ டைபாய்டோ, எதுவென்று சொல்ல அன்று ஆளில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் ஒருவர் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். மறுநாள் ஊசியும் குத்தினார். மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. அந்த மனிதர் அடுத்த வாரமும் ஊருக்கு வந்தார் என்பதுதான் அப்பத்தாவால் தாங்க முடியாமல் போன செய்தி. கேட்பதற்கு ஒரு காவல் நிலையமோ, எழுதிக் கொடுக்க ஒரு மனுவோ அவர் அறிந்த உலகத்தில் இல்லை. அவர் கையில் இருந்தது இந்த ஒரு வாக்கியம். அந்த மனிதர் தெருவில் போகும்போதெல்லாம் திண்ணையிலிருந்து, யாரையும் பார்க்காமல், ஆனால் தெரு முழுக்கக் கேட்கும்படி, ‘ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்’ என்பாராம். சில மாதங்களில் அவர் எங்கள் தெரு வழியாக வருவதை நிறுத்திக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அப்பத்தாவின் கடைசிக் காலத்தில், மாமன் முறையுள்ள ஒருவர் பட்டிமன்றத்தில் கேட்டுவந்த ‘வேரைக் கொண்டவன்’ விளக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். சித்த மருத்துவத்தின் பெருமை, மூலிகை வேர்களின் எண்ணிக்கை என்று அவர் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். அப்பத்தா முழுவதும் கேட்டார். பிறகு, ‘வேராப்பா? அப்ப மஞ்சளாத்துக் கரையில நாங்க பொதைச்சது வேரையா?’ என்றார். வீட்டில் அதன்பின் யாரும் பேசவில்லை.

ஒரு தனிவீட்டுத் துயரம் சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதை நாம் அறிவோம். அச்சான்றைத் தருபவை தொகுப்புகளும் ஒலி ஒழுங்கும் அண்டை மொழிகளும்தான். திருத்தத்தின் விலை என்ன என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம். மேலே கண்ட திருத்தங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வைத்தியர் வேர்களை அறிந்த மேதையாகிறார். வாத்தியார் வாக்குக் கற்றவராகிறார். போலீஸ்காரர் போக்கை அறிந்த புலனாய்வாளராகிறார். சட்டி விரதமாகிறது, கழுதை மணக்கும் பாயாகிறது. ஏறத்தாழ எல்லாமே ஒரே திசையில், மரியாதையை நோக்கி நடக்கின்றன. எழுத்து தற்செயலாக மருவியிருந்தால் சில பழமொழிகள் இழிவிலிருந்து உயர்வுக்கும், சில உயர்விலிருந்து இழிவுக்குமாகப் போயிருக்க வேண்டும். எல்லாப் பிழைகளும் ஏளனமாகவும் எல்லா மூலங்களும் போற்றுதலாகவும் இருப்பதிலிருந்தே, இங்கு வேலை செய்வது மொழியின் மறதியைவிட நம் கூச்சம் என்று தோன்றுகிறது. முன்னோர் நம்மைப்போல் நாகரிகமாகப் பேசியிருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அவர்களோ வலித்தபோது வலித்தபடியே பேசியவர்கள்.

ஆகவே எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் ஒரு சிறு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டிலுள்ள முதியவர்கள் சொல்லும் பழமொழிகளை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுத வேண்டும். ‘கொன்னவன்’ என்றால் கொன்னவன்; திருத்தக்கூடாது. பக்கத்தில் சொன்னவரின் வயது, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் குறிக்க வேண்டும். வேறு பாடம் கேள்விப்பட்டிருந்தால் அதையும் தனியே, எங்கே கேட்டது என்று சொல்லி எழுதலாம். இதுவரை இரண்டு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. ஒரு சிறுமி, ‘எந்தச் சந்தர்ப்பம்’ என்ற கட்டத்தில், ‘தாத்தா என்னைத் திட்டும்போது’ என்று எழுதியிருக்கிறாள். பெர்சிவலும் லாசரசும் யென்சனும் குறித்துவைக்காத செய்தி அது.